பூங்கா ராட்டினங்களில் இத்தனை பெல்ட்டும் பூட்டும் தேவைதானா?

தோளுக்கு ஒன்று, மடிக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என்று மூட்டை கட்டுவதுபோல் கட்டுகிறார்களே, இது பாதுகாப்புக்காகவா அல்லது வழக்குக்குப் பயந்து செய்யும் மிகையா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் தெரியும் எரிச்சலைப் பார்த்தால், அண்மையில் உங்களையோ உங்கள் பிள்ளையையோ ஏதோ ஒரு ராட்டினத்தின் வாசலில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அப்படித் திருப்பி அனுப்பும் வேலையைப் பெங்களூருக்கு வெளியே ஒரு பூங்காவில் சில ஆண்டுகள் பார்த்தவன் நான். ராட்டினம் வடிவமைக்கும் பொறியாளன் அல்லன். ஓசூரில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, நிரந்தர வேலை கிடைக்கும்வரை ஆபரேட்டராக நின்றவன். இப்போது பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். எந்தப் பூங்காவுக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை என்பதை, யாரும் பின்னூட்டத்தில் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

வேகமாக ஏறி இறங்கும் ராட்டினங்களில் இவை மிகை அல்ல. மெதுவாகச் சுற்றுபவற்றில் பெரும்பாலும் தேவையே இல்லை. எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்பதில்தான் நம்மில் பலருடைய கணக்கு தப்பாக இருக்கிறது.

தலைகீழாகப் போகும்போது விழுந்துவிடாமல் இருக்கத்தான் பூட்டு என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் ஒழுங்காக வடிவமைத்த வளையத்தின் உச்சியில், வண்டி வளைந்து செல்லும் வேகமே உடலை இருக்கையோடு அழுத்தி வைத்திருக்கும். கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் 1976-இல் செங்குத்து வளையத்தோடு வந்த ‘ரெவல்யூஷன்’ ரோலர் கோஸ்டர், தொடக்கத்தில் தோள் பூட்டே இல்லாமல் வெறும் மடிக்கம்பியோடுதான் ஓடியது. உண்மையான ஆபத்து, யாரும் பயப்படாத சின்ன மேடுகளில் இருக்கிறது. மேட்டைத் தாண்டியதும் தண்டவாளம் சட்டென்று கீழே சரியும். உடலோ ஏறிவந்த வேகத்தில் மேலேயே போகப் பார்க்கும். வண்டி அப்படி எகிறிவிடாமல் இருக்கத் தண்டவாளத்தின் அடிப்பக்கத்திலும் சக்கரங்கள் உண்டு; ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. வண்டியைப் பிடித்துவைக்க அந்த அடிச்சக்கரம் இருக்கிறது, உங்களைப் பிடித்துவைக்க அந்தக் கம்பியை விட்டால் வேறு எதுவும் இல்லை. வயிற்றைக் கலக்கும் அந்த ஒரு நொடிக்காகத்தான் எல்லோரும் காசு கொடுத்து வருகிறார்கள், அந்த நொடியில்தான் இரண்டு கைகளையும் தூக்கிக் கத்தவும் செய்கிறார்கள். ‘கையால் பிடித்துக்கொள்ள மாட்டோமா’ என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இருவருக்குப் பொதுவாக ஒரே கம்பி இறங்கும் பழைய வண்டிகளில் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அம்மாவும் ஏழெட்டு வயதுப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். கம்பி இறங்கி, அம்மாவின் தொடையில் பட்டதும் நின்றுவிடும். பூட்டும் விழுந்துவிடும், பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பிள்ளையின் தொடைக்கும் கம்பிக்கும் நடுவில் என் கையை நுழைத்தால், முழங்கை வரை தாராளமாகப் போகும். அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை அங்கே கம்பி இல்லை என்றே அர்த்தம். ஆளுக்கு ஒரு கம்பி வந்ததும், உயரக் கோல் வைத்து அளப்பதும் இதற்காகத்தான். வயது எங்களுக்கு முக்கியமில்லை, கம்பி உடலில் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதுதான் முக்கியம். பிள்ளையின் ஷூவுக்குள் கைக்குட்டையை மடித்துவைத்துக் கூட்டிவந்த பெற்றோரையும் பார்த்திருக்கிறேன், படித்தவர்கள்தாம்.

இனி எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே நிற டி-சர்ட் அணிந்த ஐடி நிறுவனக் குழு ஒன்று வந்தது. அதில் நல்ல ஆகிருதியான ஒருவர் உட்கார்ந்ததும், தோளின் மேல் இறங்கும் ஹார்னஸ் (தோள் பூட்டு), பூட்டு விழ வேண்டிய கடைசிப் பல்லுக்கு முன்பே மார்பில் முட்டி நின்றது. பூட்டு சரியாக விழுந்ததைச் சென்சார் உணர்ந்தால்தான் என் பேனலில் பச்சை விளக்கு எரியும்; மற்ற எல்லா இருக்கைகளுக்கும் அது வந்துவிட்டது, அவருடைய இருக்கைக்கு மட்டும் வரவில்லை. உருவத்தைக் கேலி செய்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கேலி செய்தவர்கள் அவருடைய நண்பர்கள், பின்வரிசையிலிருந்து. அவர்களில் ஒருவர் “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி குரு” (கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க) என்று கன்னடத்தில் குரல் கொடுத்தார். இருக்கையில் இருந்தவரோ என் பெயர்ப் பட்டையைப் பார்த்துவிட்டு, “அண்ணா, தமிழா? நம்ம ஆளுதானே, கொஞ்சம் அமுக்கி விடுங்கண்ணா” என்றார். “அமுக்கினா உங்களுக்குத்தான் சார் வலிக்கும். லைட் வராம வண்டி கிளம்பாது” என்றேன். அதற்குமேல் அவருக்கு அவமானம் தாங்கவில்லை. “டிக்கெட் குடுக்கும்போது எடை பாத்தீங்களா?” என்று கத்தினார்.

நியாயமான கேள்வி அது என்று அன்றைக்கே எனக்குப் பட்டது. வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கவைத்து, எல்லோர் முன்னாலும் உட்காரவைத்து, பிறகு இறக்கிவிடுவது மனிதத்தன்மை இல்லை. வெளிநாட்டில் பல பூங்காக்கள் வரிசையின் வாசலிலேயே ஒரு மாதிரி இருக்கையை வைத்திருக்கின்றன. சந்தேகம் இருப்பவர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் திரும்பிப் போகலாம். அதற்கு ஆகும் செலவு ஒன்றும் பெரிதில்லை.

அன்று சூப்பர்வைசர் வாக்கி டாக்கியில், “சென்சார்ல அழுக்கு இருக்கும், தொடச்சுப் பாரு” என்றார். துடைத்துப் பார்த்தேன், விளக்கு வரவில்லை. இருக்கையில் இருந்தவர் இறங்கினார். மாலையில் அவருக்கு உணவுக் கூப்பன்களும் மன்னிப்பும் கிடைத்தன; எனக்கு, வாடிக்கையாளரிடம் இணக்கமாக நடந்துகொள்ளவில்லை என்று ஒரு மெமோ கிடைத்தது. ஏதாவது விபரீதம் நடந்தால் போலீஸ் முதலில் தேடி வருவது பட்டனை அழுத்தியவனைத்தான். நடக்காமல் பார்த்துக்கொண்டால் மெமோ. வேலையை விட்டு வந்து இத்தனை காலமான பிறகும் இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

அன்று அந்தச் சென்சாரைக் கொஞ்சம் தளர்த்தி வைத்திருந்தால் விளக்கு வந்திருக்கும். 2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஒர்லாண்டோவில் நடந்தது அதுதான். ஏறக்குறைய 430 அடி உயரமுள்ள ‘ஃப்ரீ ஃபால்’ கோபுர ராட்டினத்துக்கு, தயாரிப்பாளர் குறித்திருந்த எடை வரம்பு 130 கிலோ. அதைவிட அதிகமாக எடை இருந்த 14 வயதுப் பையன் ஒருவன் அதில் ஏறினான். அவனுடைய இருக்கையின் சென்சாரைக் கையால் மாற்றி வைத்திருந்ததால், ஹார்னஸ் வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு திறந்திருந்த நிலையிலும் விளக்கு எரிந்தது என்று விசாரணையில் தெரியவந்தது. கீழே வந்த இருக்கைகள் பிரேக் பிடித்து வேகம் குறைந்தபோது, அவன் அந்த இடைவெளி வழியாக நழுவி விழுந்து இறந்தான். அந்த இருக்கைகளில் தனியாக இடுப்பு பெல்ட் கிடையாது. மடிக்கும் தோளுக்கும் கட்டிய பிறகு இடுப்புக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கும் அந்த மூன்றாவது பொருளைத்தான் சொல்கிறேன். ஃபுளோரிடா மாநிலம் 2023-இல் சட்டத்தை இறுக்கியது, அந்தக் கோபுரத்தையும் பிரித்து எடுத்துவிட்டார்கள். தூரத்துக் கதை என்று தள்ளவும் முடியாது. 2025 ஏப்ரலில் டெல்லி கபசேராவில் ஓர் இளம்பெண் ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து இறந்தார்.

பெல்ட் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ஊசல் ராட்டினத்தின் தண்டே முறிந்து விழுந்து இருவர் இறந்தார்கள்; அங்கே எத்தனை பெல்ட் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. 2016-இல் கான்சஸ் மாநிலத்தில் ‘வெருக்ட்’ என்ற நீர்ச்சறுக்கில், மிதவை இரண்டாவது மேட்டில் காற்றில் எகிறி, மேலே வலை கட்டியிருந்த இரும்பு வளையத்தில் மோதியதில் 10 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டைதான் அதில் கட்டியிருந்தார்கள். ஆனால் சறுக்கின் வடிவமே கோளாறாக இருக்கும்போது பட்டையை மட்டும் குறை சொல்லி என்ன செய்வது?

நீங்கள் சந்தேகப்படும் மிகை சில இடங்களில் இருக்கத்தான் செய்கிறது. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் அமைப்பின் எஃப் 2291 என்ற தரவிதி, உடல்மீது விழும் விசையை வைத்துப் பயணிகளைப் பிடித்துவைக்கும் ஏற்பாடுகளை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. முதல் வகுப்பில் பூட்டே வேண்டாம். ஐந்தாவது வகுப்பில் ஆளுக்கு ஒரு பூட்டு, ஒன்று தவறினால் தாங்க இன்னொன்று, பயணி தானே திறக்க முடியாதபடி ஆபரேட்டரிடம் மட்டும் திறப்பு, பூட்டிவிட்டது என்பதைக் காட்டும் அறிகுறி என எல்லாமே வேண்டும். மரக்கட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீரில் சறுக்கும் ராட்டினங்கள் பலவற்றில் பெல்ட் வைப்பதில்லை. படகு கவிழ்ந்தால் பெல்ட்டே ஆளை மூழ்கடித்துவிடும். ஆகவே, ஊர்ந்து போகும் குழந்தை ரயிலில் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு ‘எங்கள் பூங்கா பாதுகாப்பானது’ என்று பலகை வைத்தால், அதை நீங்கள் தாராளமாகக் கிண்டல் செய்யலாம்.

அதேபோல், தோள் ஹார்னஸில் காது இடிபட்டு வலித்தது என்பது உங்கள் குறையானால், அதுவும் நியாயமே. விறைப்பான பழைய ஹார்னஸ்கள் திருப்பங்களில் இரண்டு பக்கமும் தலையை முட்டும். புதிய வண்டிகளில், தலைகீழாகச் சுற்றுபவற்றிலேயே கூட, நன்றாக வடிவமைத்த மடிக்கம்பி மட்டும் வருகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள், பூட்டே வேண்டாம் என்று கேட்காதீர்கள்.

எனக்கு விளங்காத ஒன்று உண்டு. பூங்காவில் எங்களோடு சண்டை போடும் அதே குடும்பம், புறநகர்த் திடலில் பொருட்காட்சி போட்டால் அங்கே போய், ஒரே ஒரு கொக்கிச் சங்கிலி தொங்கும் ஜயண்ட் வீல் பெட்டியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறது. நேற்று லாரியில் வந்து இறங்கி, இரவோடு இரவாக முறுக்கிய போல்ட்டுகள் அவை. அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. உங்களுடைய கேள்வியை அங்கே போய்க் கேட்டால், இத்தனை தேவையா என்பதற்குப் பதிலாக, இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும்.

பிள்ளைகளோடு மறுபடி போவதாக இருந்தால், பொதுக் கம்பி உள்ள வண்டியில் சின்னப் பிள்ளையைப் பெரியவர் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள். தனிக் கம்பி உள்ள வண்டியாகப் பாருங்கள். பர்ஸ், சாவிக்கொத்து, செல்போன் எல்லாவற்றையும் பாக்கெட்டிலிருந்து எடுத்து லாக்கரில் வையுங்கள். கம்பி தொடையில் படியாமல் அவற்றின்மேல் நின்றுவிடும். கம்பி இறங்கியதும் நீங்களே ஒருமுறை கீழே அழுத்தி, பிறகு மேலே இழுத்துப் பாருங்கள். அசைந்தால் வண்டி கிளம்பும் முன்பே கையைத் தூக்கிச் சத்தம் போடுங்கள். அதற்காக எந்த ஆபரேட்டரும் உங்கள்மேல் கோபப்பட மாட்டார்.