வெங்காய வேரில் நானோ துகள்

கேள்வி: துத்தநாக ஆக்சைடு நானோ துகளை லிட்டருக்கு 100 மில்லிகிராம் கலந்து, அந்த நீரில் வெங்காய வேரை ஒரு நாள் வைத்தேன். வெறும் நீரில் வைத்ததைவிடச் செல் பிரிதல் குறைந்தது, குரோமோசோம்களும் உடைந்திருந்தன. நானோ துகள் மரபுப் பொருளைச் சிதைக்கிறது என்று ஆய்வறிக்கையில் எழுதலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். துத்தநாக ஆக்சைடு நீரில் சிறிதளவு கரையும். கரைந்து வரும் துத்தநாக அயனியும் வேருக்கு நஞ்சுதான். அதைப் பிரித்துப் பார்க்காமல் பழியைத் துகள்மேல் போடுவது இத்துறையில் அடிக்கடி நடக்கும் பிழை.

உங்களுக்கு இன்னும் இரண்டு கிண்ணங்கள் தேவை. ஒன்றில் அதே எடைக்கு நானோ அளவில் இல்லாத சாதாரணத் துத்தநாக ஆக்சைடு, மற்றதில் அயனியை மட்டும் தரும் துத்தநாக சல்பேட். சல்பேட் எவ்வளவு? நானோ கலவையை 24 மணி நேரம் வைத்திருந்து, துகளை நிறுத்திக் கரைந்த அயனியை மட்டும் விடும் 3 கிலோடால்டன் மீநுண் வடிகட்டியில் வடித்து, வடிநீரில் உள்ள துத்தநாகத்தை அளந்துகொள்ளுங்கள். 1 மில்லிகிராம் துத்தநாகத்துக்கு, ஏழு நீர் மூலக்கூறுள்ள சல்பேட் உப்பு 4.4 மில்லிகிராம். சல்பேட் கிண்ணத்திலும் அதே சேதம் தெரிந்தால் காரணம் அயனி. நானோ கிண்ணத்தில் கூடுதலாக இருந்தால்தான் துகளைப் பற்றிப் பேச இடமுண்டு. அப்போதும் ஒரு தயக்கம் வேண்டும்: வேர் கசியும் அமிலங்களில் துகள் இன்னும் கரையும்.

கலவையைக் காய்ச்சி வடித்த நீரில் தயாரியுங்கள். குழாய்த் தண்ணீரின் உப்புகளால் துகள்கள் திரண்டு அடியில் படிந்துவிடும். வேருக்கு எட்டுவது நீங்கள் எழுதிய 100 மில்லிகிராமாக இருக்காது.

உடைவுகளையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். சிலைடில் நசுக்கும் முன் வேர் நுனியை மென்மையாக்க, 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 60 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம் போதும். அதற்குமேல் விட்டாலும், நசுக்கும்போது கவர் சிலிப் நழுவினாலும் குரோமோசோம் சிதறி உடைந்ததுபோலவே தெரியும். பிரியும் இரு தொகுதிகளுக்கு நடுவே நூலாக நீளும் பாலம், உட்கருவுக்குப் பக்கத்தில் சிறு புள்ளியாக ஒதுங்கிய நுண் உட்கரு, இவை நம்பத்தகுந்த தடயங்கள். ஐந்து வெங்காயம், ஒவ்வொன்றிலும் 1000 செல்லாவது எண்ணுங்கள். எந்தச் சிலைடு எதனுடையது என்பது எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது.

கேள்வி: இந்தச் சேதம் அடுத்த தலைமுறைக்குப் போகுமா?

பதில்: வேர் நுனியில் கண்டதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பூவும் விதையும் தண்டு நுனியிலிருந்து வருபவை. செடியை விதை வரை வளர்த்து, அந்த விதையைத் துகளே இல்லாத மண்ணில் முளைக்கவைத்துப் பார்க்க வேண்டும். மரபணுவின் செயல்பாடு கூடுவது குறைவது வேறு, அதன் வரிசையே மாறுவது வேறு.

கேள்வி: வயல் மண்ணிலும் இதே பாதிப்பு வருமா?

பதில்: பெரும்பாலும் கிண்ணத்தில் கண்டதைவிடக் குறைவு. களிமண்ணும் மட்கும் துகளைப் பிடித்துவைக்கும். வேறு நானோ துகள்களும் உருமாறும்: கழிவுநீருக்குப் போகும் வெள்ளித் துகள், எளிதில் கரையாத வெள்ளி சல்ஃபைடாகிவிடும். ஆனால் அமில மண்ணில் துத்தநாக ஆக்சைடு வேகமாகக் கரையும். 2012இல் வெளியான சோயா ஆய்வு கவலை தருவது: மண்ணில் கலந்த துத்தநாக ஆக்சைடு நானோ துகளின் துத்தநாகம் இலைக்கும் பயறுக்கும் ஏறியது, சீரியம் ஆக்சைடு என்ற இன்னொரு நானோ துகள் அதிகமிருந்த மண்ணில் வேர்முடிச்சின் நைட்ரஜன் நிலைப்படுத்தல் சரிந்தது. மண்ணில் சோதிப்பவர்கள் வேர்முடிச்சையும் வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது.