பிளஸ் டூ தொடங்கும் பெண் பிள்ளைகளுக்கு: ஓர் ஆசிரியையின் கேள்வி பதில்

தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இயற்பியல் நடத்துகிறேன். பெரும்பாலான ஆண்டுகளில் பிளஸ் டூ வகுப்பாசிரியையும் நான்தான். ஜூன் மாதம் பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: டீச்சர், பிளஸ் ஒன்னில் பொதுத்தேர்வு இல்லை என்று கொஞ்சம் அலட்சியமாக இருந்துவிட்டேன். இப்போது புத்தகத்தைத் திறந்தாலே பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? (மாணவி, கணிதம்–உயிரியல் பிரிவு)

உன் பயத்துக்குக் காரணம் இருக்கிறதும்மா. 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள், 2025-26இல் எடுத்துவிட்டார்கள். அதனால் பத்தாம் வகுப்புக்குப் பிறகு நீ எழுதப்போகும் முதல் பொதுத்தேர்வே இதுதான். உன் அக்காக்களுக்கு நடுவில் ஒரு முறை அந்த அனுபவம் கிடைத்தது, உனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் பிளஸ் ஒன் புத்தகம் முழுவதையும் திரும்பப் படிக்க உட்காராதே. அப்படி உட்கார்ந்த பிள்ளைகள் ஆகஸ்டில் இரண்டு புத்தகத்தையும் மூடி வைத்துவிட்டு அழுததைப் பார்த்திருக்கிறேன். எது தேவையோ அதை மட்டும் எடு. இயற்பியலில் முதல் பாடமே நிலைமின்னியல். அதற்கு வெக்டரும், வேலை–ஆற்றல் பாடமும் தெரிந்தால் போதும். வேதியியலில் மோல் கணக்கும், கரிமச் சேர்மங்களுக்குப் பெயரிடுவதும். கணிதத்தில் வகையிடலும் தொகையிடலும் கை பழகியிருக்க வேண்டும். இரண்டாம் தொகுதியில் பெரும்பகுதி அதன் மேல்தான் நிற்கிறது. ஜூன், ஜூலை ஞாயிறுகளில் இரண்டு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் இவ்வளவும் முடியும்.

இன்னொன்று. மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுதுவது தனிப் பழக்கம். காலாண்டுத் தேர்வு வரைக்கும் காத்திருக்காமல், மாதம் ஒரு முறை வீட்டிலேயே ஒரு முழு வினாத்தாளை நேரம் வைத்து எழுதிப் பார்.

கேள்வி: கைடும் மினிமம் மெட்டீரியலும் படித்தால் பாஸ் ஆகிவிடலாம் என்று சீனியர் அக்கா சொன்னார். உண்மையா மிஸ்?

பாஸ் மட்டும் போதும் என்றால், ஆமாம், ஆகலாம். செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்தில் குறைந்தது 15 வாங்கி, மொத்தம் 35 வந்தால் தேர்ச்சி. மினிமம் மெட்டீரியல் என்பது பாஸ் ஆகத் தேவையானதை மட்டும் தொகுத்த சின்னப் புத்தகம். மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு அதை நானே கொடுக்கிறேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் நீ எந்தக் கல்லூரிக்குப் போகிறாய் என்பதை முடிவு செய்வது அந்த 35க்கு மேலே உள்ள மதிப்பெண்தான். இயற்பியல் தாளைப் பார்: ஒரு மதிப்பெண் வினா 15, இரண்டு மதிப்பெண்ணில் ஆறு, மூன்று மதிப்பெண்ணில் ஆறு, ஐந்து மதிப்பெண்ணில் ஐந்து. அதில் 24ஆம் வினாவும் 33ஆம் வினாவும் கட்டாய வினாக்கள், விட முடியாது. பெரும்பாலும் அங்கே கணக்குதான் வரும். ஒரு மதிப்பெண்ணிலும் சில வினாக்கள் புக் பேக்கில், அதாவது பாடத்தின் கடைசியில் உள்ள வினாக்களில், இல்லாமல் பாடத்துக்குள்ளிருந்து வரும். முன்பு எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று ப்ளூ பிரிண்ட் இருந்தது. அப்போது இரண்டு பாடத்தை விட்டுவிட்டும் முழு மதிப்பெண் வாங்க முடிந்தது. புதிய பாடத்திட்டம் வந்த பிறகு அது கிடையாது. எனவே பாடநூலை முதல் வரியிலிருந்து ஒரு தடவையாவது படித்துவிட்டு அப்புறம் கைடைத் தொடு.

கேள்வி: காலையில் எட்டரைக்குப் பள்ளிக்கு வந்தால் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வீடு போக ஆறரை ஆகிறது. மதியத்துக்கு மேல் தினமும் தலைவலி. படிப்பு ஏறவே மாட்டேன் என்கிறது.

முதலில் ஒன்று கேட்கிறேன்: பள்ளியில் தண்ணீர் குடிக்கிறாயா?

இதைக் கேட்டவுடன் வகுப்பே தலையைக் குனிந்துகொள்ளும். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று பயந்து, காலையில் வீட்டில் குடித்த ஒரு டம்ளரோடு சாயங்காலம் வரை இருக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஐந்நூறு பிள்ளைகளுக்கு ஒழுங்காகத் தாழ் போடக்கூடிய கழிப்பறை நான்குதான் இருந்தது. அப்படி இருந்தால் யார் தண்ணீர் குடிப்பார்கள்? தலைவலி, சிறுநீர்த் தொற்று, மயக்கம் எல்லாம் அதனால் வருவதுதான். அந்தப் பள்ளியில் பிள்ளைகளின் அம்மாக்கள் நான்கு பேர் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசிய பிறகுதான் வேலை நடந்தது. நாங்கள் ஆசிரியைகள் இரண்டு வருடமாகச் சொல்லி நடக்காதது அது. உன் பள்ளியில் நடக்கும் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு உன் அம்மாவை வரச் சொல்.

அதுவரை ஒவ்வொரு பாடவேளை முடிந்ததும் நான்கு வாய் தண்ணீர் குடி. வகுப்பு நடுவில் வெளியே போகக் கேட்கத் தயங்காதே. பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னல் வழியே எறியாமல் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கு. நம் பிள்ளைகள் பலருக்கு இரத்தம் குறைவு. படிக்க உட்கார்ந்ததும் தூக்கம் வருவதைச் சோம்பல் என்று நினைத்துத் தன்னையே திட்டிக்கொள்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் தலைவலி நிற்கவில்லை என்றால் கண்ணைக் காட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தமும் பார்த்துவிடு.

மாதவிடாய் நாட்களில் வயிற்று வலி தாங்க முடியாமல் லீவு போடுகிறவர்களும் எழுதியிருக்கிறீர்கள். மாதம் இரண்டு நாள் என்றால் வருடத்தில் இருபது நாள் பாடம் போகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளும் விஷயமாக வைக்காமல் இப்போதே டாக்டரிடம் போங்கள். மார்ச்சில் தேர்வு அன்றைக்கு முதல் முறையாக ஒரு மாத்திரையைப் போட்டுப் பார்க்கும் நிலை வரக்கூடாது.

கேள்வி: என்னைப் பள்ளி மாணவத் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். படிப்பு கெடும், வேண்டாம் என்று சொல்லிவிடு என்கிறார் அப்பா.

வேண்டாம் என்று சொல்லாதே கண்ணு. அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல். தினமும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கால் மணி நேரம், விழா நாட்களில் கூடுதலாகக் கொஞ்சம், அவ்வளவுதான் இதற்குப் போகும் நேரம். ஆனால் ஆயிரம் பேர் முன்னால் மைக்கைப் பிடித்துப் பேசிய பிள்ளை, கல்லூரி நேர்முகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு நிற்க மாட்டாள்.

முதல் வாரத்தில் ஒரு வேலை செய். தொடக்கப் பள்ளியிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஆறாம் வகுப்புக் குட்டிகள் எந்தப் பக்கம் வகுப்பு, எங்கே சத்துணவு என்று தெரியாமல் தூணோரமாக நிற்பார்கள். அவர்களுக்கு ஆசிரியையைவிட அக்காவிடம் கேட்பது சுலபம். உன் வகுப்புத் தோழிகளில் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு அந்தக் குட்டிகளைப் பார்த்துக்கொள். நீயும் ஆறு வருடம் முன்பு அதே தூணோரமாக நின்றவள்தானே.

கேள்வி: அரசுப் பள்ளியில் படிப்பதால் கிடைக்கும் சலுகைகளுக்கு என்னென்ன சான்றிதழ் வாங்கி வைக்க வேண்டும்? (ஒரு மாணவியின் தாய்)

நல்ல வேளை, ஜூனிலேயே கேட்டீர்கள் அம்மா. மே மாதம் இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று அழுகிற தாய்மாரை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். வீட்டில் யாரும் பட்டம் படிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழும் வாங்குங்கள், பொறியியல் போன்ற படிப்புகளில் கட்டணம் குறையும். வருமானச் சான்றிதழ் மட்டும் இப்போது வேண்டாம். அது ஓராண்டுதான் செல்லும், ஏப்ரலில் எடுத்தால் சரியாக இருக்கும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் இரண்டு பெரிய கதவுகள் திறக்கும். ஒன்று, 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. மருத்துவப் படிப்புக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கு 2021இலும் வந்தது. பொறியியலுக்கு இந்த ஒதுக்கீட்டில் போனால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. இன்னொன்று புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5இல் தொடங்கியது. பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ எதில் சேர்ந்தாலும் முடிக்கும் வரை மாதம் 1000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் பின்னர் விரித்தார்கள்.

அந்தப் பணம் பிள்ளையின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். எனவே அவள் பெயரில் கணக்கு, அதில் ஆதார் இணைப்பு இரண்டும் வேண்டும். இங்கேதான் சிக்கல். ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிப் பதிவேட்டில் வேறு எழுத்து, இனிஷியல் முன்னே பின்னே என்று இருக்கும். தேர்வுத்துறைக்குப் போகும் நாமினல் ரோலில், அதாவது தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியலில், என்ன இருக்கிறதோ அதுதான் மதிப்பெண் பட்டியலில் வரும். அது போவதற்குள் வகுப்பாசிரியையிடம் வந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: மகளிடம் இருக்கும் போனைப் பிடுங்கி வைக்கலாமா? (ஒரு தந்தை)

பிடுங்க வேண்டாம் ஐயா. வீட்டுப்பாடம், தேர்வு அறிவிப்பு எல்லாம் வாட்சப்பில்தான் வருகிறது. இரவு ஒன்பதரைக்கு மேல் வீட்டில் எல்லாருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, ஓர் இடத்தில் இருக்கட்டும். அவளுடையதை மட்டும் வாங்கி வைத்தால் அவள் படிக்க மாட்டாள், கோபத்தோடு உட்கார்ந்திருப்பாள்.

கேள்வி: டீச்சர், என் தோழிக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அவளுக்குப் பதினேழு வயது. ஆவணியில் முடித்துவிடுவார்கள் போல. அவள் யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

அந்தச் சத்தியத்தை உடைத்துவிடு. பாவம் வராது.

பதினெட்டு நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். செய்து வைக்கிறவர்களுக்கும் தண்டனை உண்டு. 1098 எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். அழைத்தவர் பெயரை வெளியே விட மாட்டார்கள். ஆனால் அதற்கும் முன்னால், நாளைக் காலையிலேயே உங்கள் வகுப்பாசிரியையிடம் தனியாகச் சொல்.

ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்றால், ஒரு முறை நான் தாமதமாகப் போனேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை தீபாவளி லீவுக்குப் பிறகு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். நானும் நம்பினேன். பத்து நாள் கழித்துப் போனபோது அவள் கழுத்தில் தாலி இருந்தது. உள்ளே போய் எனக்குக் காபி போட்டு எடுத்து வந்தாள். அரையாண்டுக்கு வரட்டுமா டீச்சர் என்று கேட்டாள், அப்புறம் வரவே இல்லை. அதிலிருந்து மூன்று நாள் தொடர்ந்து ஒரு பிள்ளை வரவில்லை என்றால் நான்காம் நாள் அவள் வீட்டு வாசலில் நிற்பேன். அப்படிப் போனதில் இரண்டு வீடுகளில் கல்யாணம் நின்றது. அதில் ஒரு பெண் இப்போது செவிலியராக இருக்கிறாள்.

தோழி உன் மேல் கோபப்படுவாள், சில நாள் பேசமாட்டாள். இருக்கட்டும். அவள் பள்ளிக்கு வந்துகொண்டிருக்கிறாளா என்பதை மட்டும் தினமும் பார்.

கேள்வி: நான் வணிகவியல் பிரிவு. சயின்ஸ் பிள்ளைகள் எங்களை மட்டமாகப் பார்க்கிறார்கள்.

கணக்குப்பதிவியலில் ஐந்தொகை இரண்டு பக்கமும் சமமாக வரும்வரை விடாமல் உட்காருகிறவர்கள் நீங்கள். சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) அடிப்படைத் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு முடித்தாலே பதிவு செய்யலாம், பிளஸ் டூ முடித்து எழுதலாம். வங்கி, கூட்டுறவு, டிஎன்பிஎஸ்சி என்று உங்களுக்கும் வழி நிறைய. பேசுகிறவர்கள் பேசட்டும்.

கேள்வி: தமிழ் வழியில் படிக்கிறேன். கல்லூரியில் எல்லாம் இங்கிலீஷ் என்று நினைத்தால் இப்போதே நடுங்குகிறது.

இந்த ஆண்டு முழுக்க ஒரு சின்ன வேலை செய்துகொண்டே வா. ஒவ்வொரு பாடத்திலும் வரும் கலைச்சொல்லுக்குப் பக்கத்தில் அதன் ஆங்கிலச் சொல்லையும் ஒரு தனி நோட்டில் எழுது. மின்தேக்கி என்றால் கெப்பாசிட்டர், மின்தடை என்றால் ரெசிஸ்டன்ஸ் என்று நாளுக்கு ஐந்து சொல் போதும். தேர்வைத் தமிழிலேயே எழுது, மாற்றாதே. உனக்குப் பாடம் புரிந்திருந்தால், கல்லூரியில் முதல் ஆறு மாதம்தான் மொழி இடிக்கும். தமிழ் வழியில் படித்துப் பொறியியல் போன என் பிள்ளைகள் எல்லாரும் சொன்னது அதுதான்.

கேள்வி: ஒரு பாடத்தில் போய்விட்டால் ஒரு வருடம் வீணா மிஸ்?

இல்லை. மே மாதம் முடிவு வந்ததும் துணைத்தேர்வுக்கு விண்ணப்பித்து எழுதிவிட்டு, அதே ஆண்டிலேயே கல்லூரியில் சேர்ந்தவர்கள் உண்டு. மதிப்பெண் சரியில்லை என்று தோன்றினால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்து மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். முடிவு வரும் அன்று வீட்டில் யாரும் உன்னைத் தனியாக விடக்கூடாது, அதையும் அம்மாவிடம் இப்போதே சொல்லி வை.

கேள்வி: ரெக்கார்டு நோட்டை ஜனவரியில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாமா?

கூடாதும்மா. செய்முறைத் தேர்வு பிப்ரவரியில் வந்துவிடும், அப்போது ரிவிஷன் தேர்வுகளும் ஓடிக்கொண்டிருக்கும். சோதனை செய்த அன்று சாயங்காலமே எழுதி, மறுநாள் கையெழுத்து வாங்கிவிடு. முதல் சோதனை அடுத்த வாரம். அட்டை போட்டு எடுத்து வா.