கட்டையில் சரி, நோட்டில் தப்பு: எழுத்து வில்லைகளை வைத்து எழுத்துப்பிழை போக்குவது எப்படி?

ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார்: "என் மகனுக்கு ஏழு வயது. நன்றாக வாசிக்கிறான், ஆனால் சொல்லச் சொல்ல எழுது என்றால் பத்துச் சொல்லில் நான்குதான் சரியாக வருகிறது. 247 எழுத்துகளும் இருக்கிற மரக்கட்டைப் பெட்டி ஒன்று வாங்கினேன். எழுத்தைத் தேடித்தேடியே அலுத்துப்போகிறான். நானே எடுத்துக் கொடுத்தால் சரியாக அடுக்கிவிடுகிறான், மறுநாள் நோட்டில் அதே சொல் தப்பு. இதனால் பயன் உண்டா? நான்கு வயதுத் தங்கை வேறு கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறாள்."

பயன் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் அந்தப் பெட்டியை மூடி வைத்துவிடுங்கள். 'குடை' என்று இரண்டெழுத்துச் சொல்லுக்காக 247 கட்டைகளைக் கிளறுகிற பையனுக்கு, கு கைக்குக் கிடைப்பதற்குள் என்ன சொல் என்பதே மறந்துபோகும். சரி, நீங்களே எடுத்துக் கொடுத்தால்? ம, ர, ம் மூன்றையும் கையில் கொடுத்துவிட்டால் அவன் செய்வது எழுத்துக்கூட்டல் இல்லை, படத்துண்டுகளைச் சேர்க்கிற விளையாட்டு. 'மரம்' என்ற சொல்லில் அவன் யோசித்து முடிவெடுக்க வேண்டிய ஒரே இடம் 'ர'வா 'ற'வா என்பது. அந்த முடிவை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். மறுநாள் நோட்டில் அதை அவன் முதல்முறையாக எடுக்கிறான், தப்பாகிறது.

பெட்டியில் இன்னொரு குறையும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. 'கொ' என்பதை முழுக்கட்டையாகக் கொடுத்தால் க் என்ற மெய்யும் ஒ என்ற உயிரும் சேர்ந்துதான் அந்த எழுத்து வந்தது என்பது கைக்குத் தெரியவே தெரியாது. ஒலி எங்கே பிரிகிறதோ அங்கே வில்லையும் (எழுத்து எழுதிய சின்னத் துண்டு) பிரிய வேண்டும். மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் குழந்தைகளுக்கான தன் முதல் இல்லத்தைத் தொடங்கிய பிறகு உருவாக்கிய நகரும் எழுத்துகளில், உயிருக்கு ஒரு நிறம் மெய்க்கு வேறு நிறம் என்று வைத்தார். பென்சில் பிடிக்கக் கை பழகுவதற்கு முன்பே குழந்தையால் சொல்லை மனதில் பிரித்துக் கட்ட முடியும், கை பிறகு வந்து சேர்ந்துகொள்ளும் என்பது அதன் அடிப்படை. அந்த அடிப்படை தமிழுக்கும் அப்படியே பொருந்தும், ஆனால் வில்லையின் வடிவத்தை நாம்தான் தமிழுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

தடித்த அட்டை போதும், நீங்களே வெட்டிவிடலாம். பதினெட்டு மெய்க்கும் நீல நிறத்தில் சதுர வில்லை: ஒரு பக்கம் க், திருப்பினால் க. உயிர் வந்து சேர்ந்தால் புள்ளி போய்விடும் என்பதை இந்தத் திருப்பல் ஒன்றே கற்றுக்கொடுத்துவிடும். க, ட, த, ப, ம, ர, ல, வ, ன ஒன்பதும் அடிக்கடி வரும், மூன்று மூன்று செய்யுங்கள், மற்றவை இரண்டிரண்டு. சொல்லின் முதலில் வைக்க உயிரெழுத்துகள் பன்னிரண்டு, சிவப்பில். துணைக்கால் (ா), ஒற்றைக்கொம்பு (ெ), இரட்டைக்கொம்பு (ே), ஐகாரக் கொம்பு (ை) ஆகியவை ஒல்லியான சிவப்பு வில்லைகள், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு. இகர, ஈகாரக் கொக்கிகள் எழுத்தின் மேலேயே ஒட்டி நிற்பதால், கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளில் வரைந்து வெட்டி, எழுத்தின் மேல் வைக்கிற மாதிரி செய்யுங்கள் (டி, டீ மட்டும் முழு எழுத்தாகவே இருக்கட்டும்). உகரமும் ஊகாரமும்தான் பிடிவாதமானவை: கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி சுழிகிறது. அவற்றை முழு எழுத்தாக எழுதிக்கொண்டு உடலை நீலத்திலும் கூடுதல் சுழிப்பைச் சிவப்பிலும் காட்டுங்கள், முதலில் கு, சு, டு, து, பு, மு, ரு, று என்று பத்துக்குள் போதும். எல்லாம் சேர்த்து 90க்குள் அடங்கிவிடும். மெய்யோடு சேரும் ஔகாரக் குறியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை ணா, றா, னா, லை, னை போன்ற பதின்மூன்று எழுத்துகளுக்குத் தனித்தனி வடிவம் இருந்தது, வீட்டுப் பெரியவர்கள் இன்னும் அப்படி எழுதிக்காட்டலாம். இன்று எல்லா மெய்க்கும் ஒரே துணைக்கால், ஒரே ஐகாரக் கொம்பு. நம் சிவப்பு வில்லைகள் எங்கே வைத்தாலும் பொருந்துவது அதனால்தான்.

அப்புறம், வில்லைகளை எப்படிப் பரப்புவது என்பது எதைச் சொல்லிக்கொடுப்பது என்பதற்குச் சமமான கேள்வி. குவியலாகக் கொட்டாதீர்கள். மேல் வரிசையில் வல்லினம்: க, ச, ட, த, ப, ற. அதற்கு நேர் கீழே மெல்லினம்: ங, ஞ, ண, ந, ம, ன. மூன்றாவது வரிசையில் இடையினம்: ய, ர, ல, வ, ழ, ள. ஆறு ஆறாக மூன்று வரிசை, தினமும் அதே இடம், கூடுதல் வில்லைகள் அதனதன் அடியில். ஒரு வாரத்தில் தேடுவது நின்றுவிடும். ஆனால் உண்மையான லாபம் வேறு. 'பந்து' எழுதும்போது அந்த மூக்கொலிக்கு ந் போடுவதா ன் போடுவதா ண் போடுவதா என்று பையன் திணறுகிறான் அல்லவா? அடுத்து வருகிற வல்லினத்தைத் தொட்டு, விரலை ஒரு படி கீழே இறக்கச் சொல்லுங்கள். த-வுக்குக் கீழே ந: பந்து. ட-வுக்குக் கீழே ண: வண்டி. ற-வுக்குக் கீழே ன: கன்று. சங்கு, பஞ்சு, பாம்பு எல்லாம் அப்படியே. நாம் இன எழுத்து என்று மனப்பாடம் செய்த அதே விதிதான், இங்கே அது மேசையிலேயே கிடக்கிறது. அன்பு, நண்பன் என்று வரும்போது ப-வுக்கு முன் ன், ண் இரண்டும் வரலாம் என்பதைப் பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் த, ட, ற மூன்றுக்கும் இந்த விரல் இறக்கம் இயல்பான தமிழ்ச் சொற்களில் ஏமாற்றாது.

கொம்புக்கு வருவோம், ஏனென்றால் வில்லைகள் இல்லாமல் பென்சிலால் மட்டும் கற்கிற குழந்தை மிகவும் சிரமப்படுகிற இடம் இது. 'கெ' என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது க், பிறகுதான் எ. எழுதும்போதோ எ-யின் அடையாளமான கொம்பை முதலில் போட்டாக வேண்டும். அதாவது பென்சிலோடு உட்கார்ந்திருக்கும் குழந்தை அடுத்து வரப்போகும் ஒலியை முன்கூட்டியே யோசித்துவிட்டு, அதற்குப் பிறகு எழுதத் தொடங்க வேண்டும். வில்லையில் அந்த நெருக்கடியே இல்லை: க வை, பிறகு எ கேட்டதா, கொம்பை இடப்பக்கம் செருகு. ஒ என்றால் இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால். அவன் காதின் வரிசையில் கை வேலை செய்யட்டும், கொம்பை முதலில் வைக்கச் சொல்லித் திருத்தாதீர்கள்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், ஐந்து சொல். நீங்கள் சொல்லைச் சொல்லுங்கள், அவன் திருப்பிச் சொல்லட்டும். எழுத்துக்கு ஒரு தட்டு தட்டட்டும்: குறிலுக்குச் சின்னத் தட்டு, நெடிலுக்கு இழுத்த தட்டு, புள்ளி எழுத்துக்கு விரல் நுனியால் தொடுதல் (மாத்திரை ஒன்று, இரண்டு, அரை என்பதைத்தான் செய்கிறோம், பெயர் சொல்ல வேண்டியதில்லை). பிறகு அவனே எடுத்து அடுக்கட்டும். நீங்கள் எதையும் நகர்த்தித் தராதீர்கள், 'ர'வும் 'ற'வும் எப்போதும் இரண்டுமே மேசையில் இருக்கட்டும். அடுக்கியதை விரல் வைத்து வாசிக்கட்டும். அதன்பின் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதும் துணியை எடுத்து அவனே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். உங்கள் வீட்டில் இதுவரை விடுபட்டது இந்தத் துணிதான் என்று நினைக்கிறேன். வில்லை கண்முன் இருக்கும்போது அடையாளம் கண்டால் போதும், நோட்டில் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை, நடுவில் பாலம் போட்டால்தான் ஒன்று இன்னொன்றுக்கு உதவும். மறுநாள் தொடங்கும்போது நேற்றைய ஐந்தில் இரண்டை வில்லை இல்லாமலே எழுதச் சொல்லுங்கள்.

எந்தச் சொற்களைக் கொடுப்பது? கண்டபடி கொடுக்காமல், அவன் நோட்டைப் பார்த்து எந்த வகைப் பிழை அதிகம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு வகைக்குள் அடங்கும்.

பேச்சு எழுத்துக்குள் நுழைவது ஒன்று. நாம் குடையைக் 'கொடை' என்கிறோம், இலையை 'எலை', இடத்தை 'எடம்', கல்லைக் 'கல்லு'. குழந்தை காதில் விழுந்ததை நேர்மையாக அடுக்குகிறான், அவன் காதைக் குறை சொல்லாதீர்கள். "பேசும்போது எடம், எழுதும்போது இடம்" என்று இரண்டையும் சொல்லிவிட்டு, எ வில்லையை எடுத்து இ வில்லையை வைக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு மாற்றம் கையில் நடப்பது பத்து முறை சொல்வதைவிட நன்றாகப் பதியும். கொடை என்பது வேறு பொருள் உள்ள தனிச் சொல் என்றும் காட்டிவிடலாம்.

அடுத்து, ஒற்று, அதாவது சொல்லின் நடுவில் வரும் புள்ளி எழுத்து. காடு, காட்டு, பாடு, பாட்டு, படம், பட்டம். நடுவில் ஒரு புள்ளி வில்லையை நுழைப்பதும் எடுப்பதுமாக ஒரு விளையாட்டாகவே நடத்தலாம். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு, பெரியவர்களே செய்வது: முயற்ச்சி, பயிற்ச்சி, கட்ச்சி. புள்ளி வைத்த ற், ட் வில்லைக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி வில்லை உட்காராது, அவ்வளவுதான் விதி. முயற்சி, பயிற்சி, கட்சி. அதே நேரத்தில் ய், ர், ழ் மூன்றுக்குப் பக்கத்தில் உட்காரும்: வாய்க்கால், பார்த்தான், வாழ்த்து.

ல, ள, ழ மூன்றுக்கும் வில்லைக்கு முன்னால் கண்ணாடி தேவை. ல-வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடுகிறது, ள-வுக்கு வளைந்து மேலே அண்ணத்தைத் தொடுகிறது, ழ-வுக்கு வளைந்தும் தொடாமல் நிற்கிறது. முதலில் உங்கள் உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டும், நீங்கள் மூன்றையும் ஒன்றாகச் சொன்னால் அவனுக்கு வேறு வழியில்லை. வலி, வழி, வளி என்று நடு வில்லையை மட்டும் மாற்றி, மூன்றின் பொருளையும் பேசுங்கள்.

ர, ற வேறு கதை. நம்மில் பெரும்பாலோர் பேச்சில் தனியாக நிற்கும் இவ்விரண்டுக்கும் வேறுபாடே இல்லை, அதனால் "காது கொடுத்துக் கேள்" என்று சொல்வது குழந்தைக்குச் செய்யும் அநியாயம். இங்கே ஒலி உதவாது, சொல்லின் குடும்பம்தான் உதவும். 'அறி' என்பதை அடுக்கி அப்படியே நிறுத்திவிட்டு, வால் பகுதியை மட்டும் மாற்றுங்கள்: அறிவு, அறிந்தான், அறிஞர், அறிவிப்பு. ற நகரவே இல்லை என்பதைப் பார்க்கட்டும். ந, ன குழப்பத்துக்கு இவ்வளவு கூட வேண்டாம்: ந சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்னாலும் வரும், மற்ற இடங்களில் ஏறக்குறைய எப்போதும் ன. செய்நன்றி மாதிரிக் கூட்டுச் சொற்களும் அநேகம் மாதிரிச் சொற்களும் விலக்கு, அவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வகைச் சொற்களைத் துணி போட்டு மூடியபின் தொடர்ந்து சரியாக எழுதுகிறான் என்றால், அந்த வகைக்கு இனி வில்லை வேண்டாம், நேராக நோட்டுதான். பிழை வருகிற வகைக்கு மட்டும் எடுங்கள். ஆறேழு மாதம் விடாமல் செய்தும் துளியும் முன்னேற்றமில்லை, வாசிப்பும் திணறத் தொடங்குகிறது என்றால், முதலில் காதையும் கண்ணையும் சோதித்துவிட்டு, கற்றல் குறைபாடுகளைக் கவனிக்கும் நிபுணரிடம் காட்டுங்கள். வாசிப்பு நன்றாக இருப்பதால் இப்போது அந்தக் கவலை வேண்டாம்.

தங்கைக்கு அவளுக்கென்று ஒரு சின்னப் பெட்டி கொடுங்கள்: அவள் பெயரின் எழுத்துகளும் இன்னும் நான்கைந்தும், கைக்குப் பெரிதாக, உப்புத்தாளில் வெட்டி ஒட்டி. விரலால் தடவி ஒலியைச் சொன்னால் போதும், சொல் கட்ட வேண்டியதில்லை. எதையும் வாயில் வைக்கிற பழக்கம் இருந்தால் சின்ன வில்லைகள் அவள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும், பின்னால் காந்தம் ஒட்டிய எழுத்துகளை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். இரண்டு காந்தத்தை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பெரிய ஆபத்தாகிவிடும்.