இடுப்பெலும்பு யார் பக்கம்?

அன்புள்ள அக்கா,
மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். உடம்பிலுள்ள 206 எலும்புகளில் அச்சுச் சட்டகத்துக்கு (தலை, முதுகு, மார்பு) 80, இணையுறுப்புச் சட்டகத்துக்கு (கைகால்களும் அவற்றைச் சேர்ப்பவையும்) 126 என்று பாடத்தில் இருக்கிறது. விலா எலும்பு அச்சில் வருகிறது. நட்டநடுவில் இருக்கும் இடுப்பெலும்பு மட்டும் ஏன் கைகால்களோடு சேர்கிறது என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
ஒரு வாசகி, குளச்சல்

அன்புள்ள தங்கைக்கு,

பாடத்தை அப்படியே ஒப்பிக்கிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது. மகளிடம் என் சந்தோஷத்தைச் சொல்லுங்கள்.

எலும்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து இப்படிப் பிரிக்கவில்லை, எதற்காக இருக்கிறது என்று பார்த்துத்தான். மண்டையோடு, காதுக்குள் இருக்கும் சிற்றெலும்புகள், நாவடி எலும்பு, முதுகெலும்பு, விலா, மார்பெலும்பு எல்லாம் அச்சு. மீதி 126-இல் கைகளுக்கு 60, கால்களுக்கு 60. அப்புறம் அவற்றை உடம்போடு சேர்க்கும் ஆறு: காறை எலும்பு (கழுத்துக்குக் கீழே தோள்வரை குறுக்கே போவது) 2, தோள்பட்டை எலும்பு 2, இடுப்பெலும்பு 2.

குளச்சலில் இருக்கிறீர்கள், இதைச் சாளை மீனிலேயே காட்டிவிடலாம். அதன் வயிற்றடியில் ஒரு சோடி சின்னத் துடுப்புகள் உண்டு. அவற்றைத் தாங்கும் எலும்பு நடுமுள்ளோடு சேராமல் வயிற்றுச் சதைக்குள் தனியாகக் கிடக்கும். நம் இடுப்பெலும்பின் ஆதி உருவம் அதுதான், அதாவது துடுப்பின் எலும்பு. மீனின் பாரத்தைத் தண்ணீர் தாங்குவதால் அதற்கு முதுகெலும்பின் துணை தேவைப்படவில்லை. ஏறக்குறைய 36 கோடி ஆண்டுகளுக்கு முன் நாலு கால் வந்து, பிறகு தரையில் உடம்பைத் தூக்கி நிறுத்த வேண்டி வந்தபோதுதான் அந்த எலும்பு பெருத்து முதுகெலும்பைப் பற்றிக்கொண்டது.

இடுப்பெலும்பு காலைச் சேர்ந்தது என்பதற்கு நம் உடம்பிலேயும் தடயம் இருக்கிறது. பிறக்கும்போது ஒவ்வொரு இடுப்பெலும்பும் மூன்று துண்டு. பருவ வயதில்தான் ஒன்றாகின்றன. அவை மூன்றும் சந்திக்கும் இடம் எது தெரியுமா? தொடையெலும்பின் தலை பொருந்தும் குழி. இடுப்பெலும்பை ஒட்டிப் பின்னால் இருக்கும் திரிக எலும்போ ஐந்து முள்ளெலும்புகள் சேர்ந்து ஆனது, அதனால் அச்சுக் கணக்கில் போகிறது.

தோள் இதற்கு நேர்மாறு. சாளை போன்ற மீன்களில் தோளெலும்பு மண்டையோட்டின் பின்பக்கத்தோடு சேர்ந்திருக்கும். தரைக்கு வந்தபோது அந்தப் பிடி விட்டுப்போனது, கழுத்து தனியாகத் திரும்ப முடிந்தது. இன்று தோள்பட்டை எலும்பை விலாவின் மேல் பிடித்துவைத்திருப்பது தசைதான். கையும் உடம்பும் எலும்பால் மூட்டுப் போட்டுச் சேரும் ஒரே இடம், காறை எலும்பு மார்பெலும்பைத் தொடும் இடம். பனையேறுபவர் கையை அவ்வளவு தூரம் எட்டிப் போட முடிவது இதனால்தான். கையை ஊன்றி விழுந்தால் அடி காறை எலும்பு வழியாக ஏறி, அது அடிக்கடி முறிவதும் இதனால்தான்.

மகளை அந்த வயிற்றுத் துடுப்பைச் சாளையிலேயே பார்க்கச் சொல்லுங்கள், முதுகுத் துடுப்புக்கு ஏறத்தாழ நேர்கீழே. அயிலை வேண்டாம். அதில் அந்தத் துடுப்பு முன்னால் மார்புப் பக்கம் வந்துவிடும், பிள்ளை குழம்பிப்போவாள்.

அன்புடன்,
அக்கா