காலை எடுக்கணுமாம்

அன்புள்ள ஐயா,

பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு இருபது வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். இரண்டு மாதத்துக்கு முன்பு வலது கால் கட்டைவிரலில் புண் வந்து கறுத்துவிட்டது. பினாங்குத் தீவில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். காலையில் வந்த இளம் மருத்துவர் "காக்கி கெனா போத்தோங்" என்று மலாயில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாராம். தம்பி உடனே எனக்குப் போன் போட்டு, "அக்கா, அம்மா காலை எடுக்கணுமாம்" என்றான். பெர்ரியில் அழுதுகொண்டே வந்தேன். அம்மா போர்வைக்குள் கையை விட்டுத் தொடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "முழுசா வந்தேன், முழுசா போறேன்" என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் ஒரு தமிழ்த் தாதி வந்து, தன் பேனாவால் அம்மாவின் பாதத்தில் ஒரு கோடு போட்டு, "இதுக்கு மேல யாரும் தொட மாட்டாங்கம்மா" என்றார். கட்டைவிரல் மட்டும்தான்!

என் மகன், "தமிழ்ல லெக், ஃபுட் ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. அதான் இந்தக் குழப்பம்" என்கிறான். சரியா? பாதம் நம் சொல்லா, வடமொழியா? அடி என்று ஒரு சொல் இருந்ததே, அது எங்கே போனது?

அம்மா இப்போது வீட்டில் நடமாடுகிறார். வருகிற தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார்.

பெயர் வேண்டாம், ஐயா.

*

அன்புள்ள சகோதரி,

அம்மா நடமாடுகிறார் என்பதைக் கடைசியில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். அதை முதல் வரியிலேயே போட்டிருக்கலாம். பாதிக் கடிதத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

மகன் சொல்வதில் பாதி சரி. இடுப்புக்குக் கீழே தொடங்கி விரல் நுனி வரை நமக்குக் கால்தான். ஆனால் குழப்பத்தைத் தமிழின் தலையில் மட்டும் கட்ட வேண்டாம். மருத்துவர் சொன்ன 'காக்கி'யும் அதே நீளம்தான். வெறுங்காலோடு நடந்தால் மலாயில் 'காக்கி ஆயாம்', கோழிக்கால். நாற்காலியின் கால் 'காக்கி கெருசி'. மலையின் அடிவாரம் 'காக்கி புக்கிட்'. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஹொக்கியன் என்ற சீன மொழி பேசுகிறவராக இருந்தால், அவருடைய 'கா'வுக்கும் தொடையிலிருந்து விரல் வரை எல்லாம் அடக்கம். மருத்துவர் படித்தது ஆங்கிலத்தில். அவர் மனதில் விரல் இருந்திருக்கும், வாயில் காக்கி வந்தது. ஆங்கிலத்தில் நினைத்து மலாயில் சொன்னதை உங்கள் தம்பி தமிழில் கேட்டார். அந்த இரண்டு நாளும் அந்த இடைவெளியில்தான் போயின.

ஆனால் யோசித்துப் பாருங்கள், தினசரி வாழ்க்கையில் இந்தக் 'கால்' நம்மைக் குழப்புவதே இல்லை. "கால் கழுவிட்டு உள்ள வா" என்றால் யாரும் தொடை வரை கழுவுவதில்லை. "கால்ல முள் குத்திடுச்சு" என்றால் உள்ளங்காலைத்தான் திருப்பிப் பார்க்கிறோம். "காலை மடக்கி உட்காரு" என்றால் முழங்கால் மடங்குகிறது. செருப்பு கடித்தது, கால் சுளுக்கியது, கால் உடைந்தது என்று ஒவ்வொரு வினையும் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தொட்டுக் காட்டிவிடும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் உள்ளங்கால், புறங்கால், குதிகால், கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால் என்று வரிசையாக இருக்கின்றன. கைக்கும் இதே கணக்கு. உள்ளங்கை, புறங்கை, முழங்கை. லிட்டில் இந்தியாவில் பூக்கார அம்மா மல்லிகைச் சரத்தை முழங்கையிலிருந்து விரல் நுனிக்கு இழுத்து 'ஒரு முழம்' என்கிறாரே, அந்த முழம்தான் முழங்கையில் இருக்கிறது.

'எடு' என்ற வினைக்கு மட்டும் இடம் காட்டத் தெரியாது. விரலையும் எடுக்கலாம், முழங்காலுக்குக் கீழேயும் எடுக்கலாம், தொடையிலும் எடுக்கலாம். சொல் இடத்தைக் காட்டாதபோது பயம் எப்போதும் மேலேதான் ஏறும். அம்மாவின் கை தொடைக்குப் போனது அதனால்தான்.

சரி, அடிக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த சொல், கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடி என்றால் கீழ்ப்பகுதி. மரத்தடி, அடிவயிறு, அடிநாக்கு, பாத்திரத்தில் அடிப்பிடித்தது, எல்லாம் அதே அடிதான். உடம்பின் கீழ்ப்பகுதி தரையைத் தொடும் இடம் என்பதால் அதுவும் அடியானது. தெலுங்கில் அடுகு, கன்னடத்தில் அடி. குடும்பச் சொத்து. குறளின் முதல் அதிகாரத்தை எடுங்கள். பத்துக் குறளில் ஏழில் கடவுளின் கால் வருகிறது; மூன்றில் அடி, நான்கில் தாள். ஒன்றில்கூட 'கால்' இல்லை. வள்ளுவருக்குக் கால் என்ற சொல் தெரியாதா? நன்றாகத் தெரியும். சேற்றில் புதையும் யானைக்குக் கால் (500), தேர்ச் சக்கரத்துக்குக் கால் (496), அனிச்சப்பூவின் காம்புக்குக் கால் (1115). மனிதக் காலும் ஒன்று இருக்கிறது, 840-ஆம் குறளில். அறிவுள்ளவர் கூட்டத்தில் பேதை நுழைவது, கழுவாத காலைப் படுக்கையில் வைத்ததுபோல என்கிறார். கழாஅக்கால்! கும்பிட்டால் அடி, அழுக்காக இருந்தால் கால். கவனியுங்கள், படுக்கையில் படுகிற அழுக்கு பாதத்தின் அழுக்கு. ஆக, பாதத்தைக் கால் என்று சொல்வது இன்றைய சோம்பேறித்தனம் இல்லை, வள்ளுவர் காலத்திலேயே உண்டு.

அடி மனிதருக்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1120-ஆம் குறளில் காதலிக்கு அடி இருக்கிறது. அனிச்சப்பூவும் அன்னத்தின் இறகும் அவள் அடிக்கு நெருஞ்சிப் பழம்போல் குத்துமாம். சாமிக்கு அடுத்து காதலி, சரியான வரிசைதான்.

அப்புறம் அடி மெல்ல உடம்பை விட்டு வெளியேறிவிட்டது. சாமியிடம் திருவடியாகத் தங்கியது. அளவுகோலுக்குப் போனது. யாப்பில் செய்யுளின் ஒரு வரி ஆனது. எல்லாவற்றையும் தாண்டி, இன்று அடி என்றால் உதை, காயம். "டாக்டர், எனக்கு அடியில வலி" என்று சொல்லிப் பாருங்கள், எங்கே விழுந்தீர்கள் என்று கேட்பார். தாள் பாவம், காகிதமாகிப் பள்ளிக்கூடப் பையில் ஏறிவிட்டது.

நம் ஊரில் அடி இன்னும் காலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் கடைத்தெரு. 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குத் திட்டம் போட்டபோது, கடைவீடுகளின் முன்னால் தொடர்ந்து ஒரு நிழல் நடைபாதை வேண்டும் என்றார். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்து அடி வழி என்று பெயர் வந்தது. மலாய்க்காரர் 'காக்கி லீமா' என்றார்கள். ஹொக்கியன்காரர் ஐந்துக்குத் தங்கள் சொல்லைப் போட்டு, பின்னால் மலாய்க் காக்கியை அப்படியே ஒட்டிக்கொண்டார்கள். நாம் 'அஞ்சடி' என்றோம். அஞ்சுகால் என்று நாம் சொல்லவில்லை பாருங்கள்! அளவு என்று வந்தவுடன் தமிழ்க் காது அடியைத்தான் எடுத்தது. மகன் கேட்ட வேறுபாடு தமிழில் இருக்கிறது, இருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

பாதம் வடமொழிதான். அதனால் அதை விரட்ட வேண்டியதில்லை, நூற்றாண்டுகளாக நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு வேடிக்கை உண்டு. வடமொழியில் பாதம் என்றால் நாலில் ஒரு பங்கும்கூட. ஜாதகத்தில் 'ரோகிணி இரண்டாம் பாதம்' என்பது அதுதான். ஒரு நட்சத்திரத்துக்கு நான்கு பாதம். தமிழிலும் கால் என்றால் நாலில் ஒன்று. கால் கிலோ, கால் மணி. இரண்டு மொழியும் ஒரே மாட்டைப் பார்த்துத்தான் கணக்குப் போட்டனவோ என்னவோ. மருத்துவமனையில் பாதம் நல்ல சொல், தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அங்கே "உள்ளங்கால் எரியுது" என்று சொல்கிற பாட்டியைத் திருத்தவும் வேண்டாம். அவர் 'பாதம்' என்பதைவிடத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார்.

எனக்கும் இனிப்பு நீர்தான், பதினோரு வருடம். அரசு கிளினிக்கில் வருடத்துக்கு ஒரு தடவை கால் பார்ப்பார்கள். தாதி ஒரு மெல்லிய நைலான் நரம்பை வைத்துக்கொண்டு, "ஐயா, கண்ணை மூடுங்க. தொட்டா சொல்லுங்க" என்பார். கட்டைவிரலில் தொட்டபோது சொன்னேன். நடுப் பாதத்தில் சொன்னேன். அப்புறம் கொஞ்ச நேரம் அமைதி. இன்னும் தொடவில்லை என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால், நரம்பு என் குதிகாலில் வளைந்து நின்றுகொண்டிருக்கிறது. அன்றைக்கு அந்த அன்னத்தின் இறகு ஞாபகம் வந்தது. அந்தக் குறள் காதலிக்கு இறகே முள். எனக்கு முள்ளும் தெரியாது. சர்க்கரை நரம்பை மரத்துப்போகச் செய்கிறது, ரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது. புண் வந்தது தெரியாது, வந்த புண் ஆறாது. உங்கள் அம்மாவின் கட்டைவிரல் போனது அந்த வழியில்தான்.

அந்த மருத்துவரை நான் திட்டப் போவதில்லை. முப்பது கட்டில் பார்த்திருப்பார். ஆனால் "எந்த இடத்தில், டாக்டர்? கையை வைத்துக் காட்டுங்கள்" என்று தம்பி கேட்டிருக்கலாம். "டி மானா?" என்ற இரண்டு சொல் மலாய் போதும். புண் சீழ் பிடித்திருக்கும்போது இரண்டு நாள் என்பது சின்ன விஷயமில்லை. அந்தத் தமிழ்த் தாதி எந்தச் சொல்லையும் நம்பவில்லை பாருங்கள், பேனாவை எடுத்துக் கோடு போட்டார். மொழிக்காரனாகிய எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட.

தைப்பூசம் பற்றி. தண்ணீர்மலையில் 513 படி. அம்மா அடிவாரம் வரை வரட்டும், நானும் அங்கேதான் நிற்பேன், இரண்டு பேரும் கீழேயிருந்து கும்பிட்டுக்கொள்வோம். வெறுங்காலோடு மட்டும் வர வேண்டாம். தார் சூடு அவருக்குத் தெரியாது. செருப்பைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், முருகன் கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன்.