டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியும் ஆப்கானிஸ்தானின் கில்ஜி பழங்குடியும் ஒரே கூட்டமா?

வேர் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் அலாவுதீனிலிருந்து இன்றைய கில்ஜிகள் வரை யாராவது வம்சப் படம் போட்டுக் காட்டினால் நம்பாதீர்கள்.

10ஆம் நூற்றாண்டு அரபு, பாரசீக நிலவியல் நூல்களில் கஜ்னி பக்கம் ஆடு மேய்த்துத் திரிந்த கலஜ் என்ற துருக்கிய மக்களைப் பற்றிக் குறிப்பு வருகிறது. இவர்களில் ஒரு பகுதியினர் ஆப்கானிஸ்தானின் பெரிய இனமான பஷ்தூன்களோடு கலந்து, பஷ்தோ பேசி, காலப்போக்கில் பஷ்தூன்களாகவே ஆகிவிட்டார்கள், அவர்கள் வழிதான் கில்ஜிகள் என்று பல வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். ஈரானின் நடுப்பகுதியில் இன்றும் கலஜ் என்ற துருக்கிய மொழி பேசும் கிராமங்கள் உண்டு. 1290இல் கில்ஜி வம்சத்தின் முதல் சுல்தானான ஜலாலுதீன் டெல்லியைப் பிடித்தபோது அங்கிருந்த துருக்கியப் பிரபுக்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே ஏற்கவில்லை, ஆப்கானியர் என்றே பார்த்தார்கள். அவருடைய மருமகன் அலாவுதீன் அனுப்பிய தளபதி மாலிக் காபூர்தான் 1311இல் மதுரை வரை வந்தவர்.

கில்ஜிகள் சொல்லிக்கொள்ளும் கதை வேறு. கோர் நாட்டு (இன்றைய ஆப்கானிஸ்தானின் நடுப்பகுதி) இளவரசன் ஷா உசேனுக்கும் பஷ்தூன் பெரியவர் பைத் நிக்காவின் மகள் பீபி மத்தோவுக்கும் காதல், கல்யாணத்துக்கு முன்பே கரு, அந்தப் பிள்ளையின் வாரிசுகளே கில்ஜிகள் என்று போகும். இதே மத்தோ வழியில்தான் பின்னாளில் டெல்லியை ஆண்ட லோதிகளும் வருகிறார்கள். இந்த வம்சாவளியை ஜஹாங்கீர் காலத்தில், 1613 வாக்கில் நியமத்துல்லா எழுதி முடித்தார். அவரை ஆதரித்தவர் முகலாய அவைப் பிரபு கான் ஜஹான் லோதி. சரி, லோதி தயவில் எழுதிய நூலில் லோதி வம்சத்துக்கு நல்ல இடம் கிடைக்காமல் போகுமா?

எனக்குப் பிடித்த பகுதி 18ஆம் நூற்றாண்டுதான். கில்ஜிகளில் ஹோதக் கிளையைச் சேர்ந்த மீர்வாய்ஸ் 1709இல் காந்தகாரின் சஃபாவிய (அப்போது ஈரானை ஆண்ட வம்சம்) ஆளுநர் குர்கின் கானைக் கொன்று ஊரைக் கைப்பற்றினார். அவர் மகன் மஹ்மூத் 1722இல் ஈரானுக்குள்ளேயே நுழைந்து, குல்னாபாத்தில் தன் படையைவிடப் பெரிய படையைத் தோற்கடித்து, தலைநகர் இஸ்ஃபஹானை மாதக்கணக்கில் முற்றுகையிட்டுப் பட்டினி போட, கடைசியில் சஃபாவிய மன்னர் ஷா சுல்தான் உசேன் தானே வந்து மகுடத்தைக் கொடுத்தார். ஆனால் ஹோதக்குகளுக்கு ஆளத் தெரியவில்லை. ஏழே வருடத்தில் சஃபாவியத் தளபதி நாதிர் (பின்னாளில் நாதிர் ஷா) அவர்களை ஈரானை விட்டுத் துரத்தி, 1738இல் காந்தகாரையும் பிடித்துவிட்டார்.

1747இல் அகமது ஷா ஆப்கானிஸ்தானின் அரசரானதும் அதிகாரம் அவருடைய பஷ்தூன் பிரிவான துரானிகளிடம் போனது. கில்ஜிகள் கைக்கு அது திரும்பியது 1978இல், கம்யூனிஸ்ட் தராக்கி மூலம். அப்புறம் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சியாளர்கள் ஹபிசுல்லா அமீன், நஜிபுல்லா, தாலிபான் தலைவர் முல்லா உமர், 2021 வரை அதிபராக இருந்த அஷ்ரஃப் கனி எல்லாருமே கில்ஜிகள்தான், கொள்கையில் மட்டும் கம்யூனிஸ்டுக்கும் தாலிபானுக்கும் கனிக்கும் ஒட்டவே ஒட்டாது.