மாகாண அணி அழைக்கிறது, பள்ளியை நிறுத்தலாமா?

உங்கள் மகளுக்கு 11 வயது. 2014 நவம்பரில் பிறந்தவள். சீனாவின் ஹார்பினில் ஒரு தனியார் கிளப்பில் ஃபிகர் ஸ்கேட்டிங் பயில்கிறாள், முன்னோக்கித் தாவி இரண்டரைச் சுற்று சுழலும் இரட்டை ஆக்ஸல் கைகூடிவிட்டது, மாகாண அணியிலிருந்து அழைப்பும் வந்திருக்கிறது. பள்ளியை நிறுத்தி முழுநேரமாக அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். அணிக்கு அனுப்பலாம். பள்ளியை நிறுத்தக் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்காது என்று அணியில் சொன்னால், இன்னும் இரண்டு வருடம் கிளப்பிலேயே இருக்கட்டும். அதனால் அவள் எதையும் இழக்கப்போவதில்லை.

காரணம் அவள் பிறந்த தேதியிலேயே இருக்கிறது. சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதைச் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2022 ஜூனில் உயர்த்தியது. முன்பு 15; 2023-24 பருவத்தில் 16; 2024-25 முதல் 17. அந்தந்தப் பருவம் தொடங்கும் ஜூலை 1-க்கு முன்பே வயது நிறைந்திருக்க வேண்டும். ஜூன் 30-ல் பிறந்த பிள்ளைக்கும் ஜூலை 2-ல் பிறந்த பிள்ளைக்கும் இடையில் முழுசாக ஒரு பருவம் போய்விடும். ஜூனியருக்கு இதே கணக்கில் 13 வயது.

இதை உங்கள் மகளுக்குப் பொருத்திப் பாருங்கள். சர்வதேச ஜூனியர் போட்டிகளில் அவள் இறங்கக்கூடிய முதல் பருவம் 2028-29. சீனியருக்கு 2032-33. 2030-ல் ஃபிரெஞ்சு ஆல்ப்ஸில் நடக்கும் ஒலிம்பிக்குக்கு அவளுக்கு வயது போதாது. 2034 சால்ட் லேக் சிட்டி போட்டியின்போது 19 வயது இருக்கும். ஆக, அவள் உடம்பு இன்னும் எட்டு வருடம் தாங்க வேண்டும். 12 வயதில் மூன்று சுழற்சித் தாவல்களை அவசரமாக ஏற்றிவிட்டு, 16 வயதில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைக்கு இந்த விதியில் இடமே இல்லை.

பள்ளிக் கணக்கையும் இதன் பக்கத்தில் வையுங்கள். 2021-ல் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருந்தால், ஒன்பதாம் ஆண்டு முடிவில் எழுதும் ஜோங்காவ் தேர்வு 2030 ஜூனில் வரும். பல்கலைக்கழக நுழைவுக்கான காவ்காவ் 2033 ஜூனில். முதல் சீனியர் பருவமும் காவ்காவ் வருடமும் ஒன்றாகவே வருகின்றன. பல குடும்பங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. ஆறேழு வருடம் பாடத்தை விட்ட பிள்ளையால் அந்த ஒரு வருடத்தில் பிடித்துவிட முடியாது.

விளையாட்டு வீரர்களுக்குத் தனி வாசல் உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்டு, ஆனால் அது இரண்டு விதம். தேசிய, ஆசிய, உலக அளவில் முன்னிலை இடம் பிடித்தவர்கள் தேர்வே எழுதாமல் பல்கலைக்கழகத்தில் சேர விண்ணப்பிக்கலாம். அது மிகச் சிலருக்கு. மற்றவர்களுக்கு விளையாட்டுப் பயிற்சிப் படிப்புக்கான தனிச் சேர்க்கை. அதற்குத் தேசிய வீரர் தரவரிசையில் குறைந்தது இரண்டாம் நிலைச் சான்று வேண்டும்; அதோடு சீனம், கணிதம், அரசியல், ஆங்கிலம் ஆகிய நான்கு பாடங்களில் தேர்வு எழுத வேண்டும். ஹார்பின் விளையாட்டுப் பல்கலைக்கழகம், பெய்ஜிங் விளையாட்டுப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்குப் போக இதுவே பொதுவழி. காவ்காவ் அளவுக்குக் கடினமில்லை. ஆனால் ஏழாம் வகுப்போடு கணிதத்தை விட்ட பிள்ளைக்கு இதுவும் மலைதான். தினம் இரண்டு மணி நேரம், கணிதமும் ஆங்கிலமும். இதை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆங்கிலம் பின்னால் நடுவர், தொழில்நுட்ப நிபுணர் வேலைக்குப் போகவும் வேண்டியிருக்கும்.

அடுத்து, ஸ்கேட்டிங் போட்டியின் மதிப்பெண் தாளை நீங்களே படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மகளின் முன்னேற்றத்தைப் பயிற்சியாளர் வாய்வழி மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு உண்மை நிலவரம் இரண்டு வருடம் தாமதமாகத்தான் தெரியவரும். லுட்ஸ் என்றொரு தாவல் உண்டு; மூன்று சுழற்சி லுட்ஸின் அடிப்படை மதிப்பு 5.90. கால் வட்டத்துக்கு மேல் சுழற்சி குறைந்தால் தாளில் ஒரு கோணக்குறி (<) விழும், மதிப்பு 80 சதவீதமாகி 4.72-க்கு இறங்கும். அரை வட்டமோ அதற்கு மேலோ குறைந்தால் இரண்டு கோணக்குறி. அது இரட்டை லுட்ஸாகக் கணக்காகி 2.10 மட்டுமே. லுட்ஸைப் பின்னோக்கிச் சறுக்கியபடி பிளேடின் வெளிவிளிம்பிலிருந்து எடுக்க வேண்டும். கடைசி நொடியில் பாதம் உள்விளிம்புக்குச் சாய்ந்தால் விளிம்புப் பிழை என்று குறிப்பார்கள், அதற்கும் 80 சதவீதம்தான். இதற்கு மேல், தாவல் எவ்வளவு நன்றாக இருந்தது என்று பார்த்து நடுவர்கள் தரும் தரப்புள்ளி ஒவ்வொன்றுக்கும் 10 சதவீதம் கூடும் அல்லது குறையும். சுழற்சி குறைந்த லுட்ஸ் இரண்டு தரப்புள்ளி இழந்தால் மிஞ்சுவது 3.78. சுத்தமாக இறங்கிய மூன்று சுழற்சி சால்கோ என்ற எளிய தாவல், அடிப்படை 4.30, இரண்டு தரப்புள்ளி பெற்றால் 5.16. பெரிய தாவலைவிடச் சுத்தமான தாவல் அதிகம் தருகிறது. மூன்று போட்டிகளின் தாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரே தாவலில் ஒரே குறி மூன்று முறையும் இருந்தால் அது பதற்றத்தால் வந்ததில்லை, பழக்கமாகிவிட்ட பிழை. தாவலைப் பிரித்து, ஒற்றைச் சுழற்சியிலிருந்து திரும்பக் கட்ட வேண்டும். அதற்கு ஒரு பருவம் பிடிக்கலாம், பொறுங்கள்.

12 முதல் 15 வயது வரைதான் எனக்கு அதிகக் கவலை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி உயரம் அளந்து எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் அரை சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தால், மூன்று சுழற்சித் தாவல்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லுங்கள். கால் நீள்கிறது, இடுப்பு அகல்கிறது, நேற்று வரை வந்த தாவல் இன்று வராது. ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும், திரும்ப வரும். அந்த நேரத்தில் ‘எடை கூடிவிட்டது’ என்று சாப்பாட்டைக் குறைப்பதுதான் பெரிய ஆபத்து. எலும்பு வலுக்க வேண்டிய வயதில் சோறு குறைந்தால் பாதத்திலும் கீழ்முதுகிலும் நுண்முறிவு வரும். மாதவிடாய் தொடங்கிய பிறகு மூன்று மாதம் நின்றாலோ, 15 வயதாகியும் தொடங்காவிட்டாலோ மருத்துவரிடம் போங்கள். முதுகை வளைத்துச் சுழலும்போது கீழ்முதுகில் வலி, அது இரண்டு வாரமாகியும் போகவில்லை என்றால் ஸ்கேன் எடுங்கள். ‘தைலம் தேய்த்தால் சரியாகிவிடும்’ என்று விட வேண்டாம்.

காலணி பற்றி ஒன்று. கடினமான பூட்ஸ் வாங்கினால் பெரிய தாவல் வரும் என்று நினைத்து முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். கணுக்கால் மடங்காத பூட்ஸில் இறங்கும் அதிர்ச்சி முழங்காலுக்கும் முதுகுக்கும் போகும். போட்டிக்கு முந்தைய ஆறு வாரத்தில் புது ஜோடி வேண்டாம். பிளேடைத் தீட்டி வாங்கியதும் தலைகீழாகப் பிடித்து, குறுக்கே ஒரு சிறிய நேரான ஸ்கேலை வையுங்கள். ஸ்கேல் ஒரு பக்கம் சாய்ந்தால் விளிம்புகள் சமமில்லை, திருப்பிக் கொடுங்கள். ‘திடீரென்று லுட்ஸ் போய்விட்டது’ என்று பிள்ளையைத் திட்டும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

மகள் சிறிய உடம்பு, பயமில்லாதவள் என்றால், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் ஜோடிப் பிரிவுக்குக் கேட்பார்கள். சீனாவின் பலமே அதுதான். யாவ் பின் 1980-ல் உலகப் போட்டியில் ஜோடியாக இறங்கிக் கடைசி இடம் பெற்றவர். அவரிடம் பயின்ற ஷென் ஷூவே, ஜாவ் ஹோங்போ 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்கள். சுய் வென்ஜிங், ஹான் ட்சொங் 2022 பெய்ஜிங்கில் வென்றார்கள். பதக்க வாய்ப்பு இங்கே அதிகம், விலையும் அதிகம். சுய் வென்ஜிங் 2016-ல் இரண்டு பாதங்களிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மறுபடி நடக்கப் பழகி, 2017-ல் உலகப் பட்டம் வென்றார். இன்னொன்று, ஜோடி நிலையானதில்லை. 2016-ல் யு ஷியாவ்யூ, பெங் செங் என்ற இரு வீராங்கனைகளின் கூட்டாளிகளும் மாற்றிக் கோக்கப்பட்டார்கள். இதற்கு மகளின் மனமும் தயாராக இருக்க வேண்டும்.

போட்டி முடிந்த பிறகும் பிழைப்பு உண்டு: பயிற்சியாளர், நடன அமைப்பாளர், பனி நிகழ்ச்சி, பனித்தள நிர்வாகம். 1995 உலகச் சாம்பியன் சென் லு, ஷென்ஜெனில் பயிற்சி தரும் வேலைக்குப் போனார். தெற்கே வணிக வளாகங்களுக்குள் பனித்தளங்கள் வந்திருப்பதால், அடிப்படை ஒழுங்காகத் தெரிந்த பயிற்சியாளருக்கு வேலை இருக்கிறது. பதக்கம் இல்லாதவருக்கும்தான்.

கையெழுத்துப் போடும் முன், பதிவு ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். வீராங்கனை ஒரு மாகாணத்தின் பெயரில் பதிவாகிவிட்டால், அவர்கள் விடுவிக்காமல் வேறு மாகாணத்துக்கோ கிளப்புக்கோ மாறிப் போட்டியிடுவது கடினம். எத்தனை வருடம், காயப்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, அணியை விட்டு வந்தால் பணம் திருப்பித் தர வேண்டுமா, வாரத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு, அதை எந்தப் பள்ளியின் ஆசிரியர் நடத்துகிறார். இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வகுப்பு நேரம் என்ற வரி காலியாக இருந்தால், அது நிரம்பும்வரை பேனாவை எடுக்காதீர்கள்.